பெரிதாகிக்கொண்டே போன எழுத்து

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த வாரம், ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இருபது வருடம் முடித்தவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். நான் சொல்ல வந்த சம்பவம் அந்தப் பரிசிலிருந்துதான் ஆரம்பித்தது. நடந்ததில் பாதி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில்.

அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. வேலை, இன்ஸ்பெக்ஷன். இருசக்கர வண்டியின் ஹேண்டில்பாரில் பிரேக் பிடியை ஒட்டி, ஆயில் நிற்பதற்காக ஒரு சின்ன அலுமினிய உறை இருக்கும். அச்சில் வார்த்து வரும் அந்த உறைகளை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து, தலைமுடி அளவுக்கு விரிசல் இருந்தாலும் ஒதுக்கி வைக்க வேண்டும். விரிசல் விழுந்த உறை வண்டியில் ஏறினால் ஆயில் கசியும். ஆயில் கசிந்தால் பிரேக் பிடிக்காது. அவ்வளவுதான் என் வேலை. ஆனால் அதை இருபது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன்.

டைரி எழுதும் பழக்கம் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. மனசில் பட்டதையெல்லாம் எழுத மாட்டேன். பஸ் வந்த நேரம், மழை பெய்ததா, வீட்டில் சிலிண்டர் மாற்றிய தேதி, படித்த புத்தகம் என்று நடந்ததை மட்டும் எழுதுவேன். ஒரு நாள்கூட விட்டதில்லை.

பரிசுக்கு நான்கு பொருள்களை எழுதி, எது வேண்டும் என்று டிக் செய்யச் சொல்லியிருந்தார்கள். மிக்ஸி, சூட்கேஸ், சுவர்க் கடிகாரம், நான்காவதாக மின்புத்தகக் கருவி. எங்கள் செக்ஷனில் எல்லோரும் மிக்ஸிக்கு டிக் அடித்தார்கள். நான் மட்டும் நான்காவதை அடித்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். பஸ்ஸில் தடித்த புத்தகத்தைப் பிடித்துப் படித்துக் கை வலிதான் மிச்சம்.

சூளகிரியில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்காரும் பெண் ஒருத்தி உண்டு. பேக்கிங் செக்ஷன். என்னைவிட ஆறு வயது சின்னவள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஆறு வருடமாக அந்த சீட் அவளுக்கு, ஜன்னல் எனக்கு. பெட்டியைப் பார்த்ததும் அவள் சொன்னது: "ஏமக்கா, ஊரே மிக்ஸி தூக்கினு போவுது. நீ மட்டும் சிலேட்டு வாங்கினு வந்திருக்க. ஒண்ணாங் கிளாஸ் சேரப் போறியா?"

அன்றிலிருந்து பஸ்ஸில் அதற்கு சிலேட்டு என்றே பெயராகிவிட்டது.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோது திரையின் மேல் ஒரு படம் ஒட்டியிருந்தது. சார்ஜரில் செருகு என்று காட்டும் படம். பாதுகாப்புக்கு ஒட்டிய ஸ்டிக்கர் என்று நினைத்து ஓரத்தில் நகத்தை வைத்து உரித்துப் பார்த்தேன். வரவில்லை. ஈரத் துணியால் துடைத்தேன். அப்போதும் வரவில்லை. சார்ஜரைச் செருகிய பிறகு படம் தானாக மாறியதும்தான், அது திரையிலேயே இருக்கும் படம் என்று தெரிந்தது. கரண்ட் இல்லாமலே படம் அப்படியே நிற்கிறது. இது எப்படி என்று எனக்கு ஆச்சரியம். அன்றைய டைரியில் "ஸ்டிக்கர் அல்ல" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் வைஃபை கிடையாது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினேன். அழுத்தினால் ஒரு நொடி கழித்துத்தான் எழுத்து தெரியும். அழுத்தியது விழவில்லை என்று இரண்டாவது முறை அழுத்தி, எல்லாம் இரட்டை இரட்டையாக விழுந்து, நான்கு முறை தோற்று, ஐந்தாவது முறை இணைந்தது. அடுத்து, இறக்கிய முதல் தமிழ்ப் புத்தகத்தில் கொம்பெல்லாம் எழுத்தைவிட்டு விலகி நின்றது. வேறு வகைக் கோப்பாக மறுபடி இறக்கிய பிறகு ஒழுங்காக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது. சமையலறையிலிருந்து கணவர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, அவரே உப்புமா கிண்டிவிட்டார்.

கருவி பழகப் பழக எனக்குக் கேள்விகள் கூடின. பக்கம் திருப்பும்போது எப்போதாவது திரை முழுக்கக் கறுத்து வெளுக்கும். முதலில் பழுது என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தால், ஒவ்வொரு ஆறாவது பக்கத்துக்கும் அது நடந்தது. பழைய எழுத்தின் நிழல் தங்காமல் துடைத்துக்கொள்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அடுத்தது பேட்டரி. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் பல வாரங்கள் வரும் என்று பெட்டியில் போட்டிருந்தது. வருகிறதா என்று பார்க்க டைரியின் கடைசிப் பக்கங்களில் கட்டம் போட்டேன். சார்ஜ் ஏற்றிய நாள், படித்த பக்கங்கள், விளக்கு வெளிச்சம்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அதே புத்தகத்துக்குப் பக்கம் கூடிவிடுகிறது. எந்த அளவில் படித்தேன் என்று குறிக்காமல் பக்கக் கணக்குக்கு அர்த்தம் இல்லை. அதனால் எழுத்தின் அளவுக்கும் ஒரு கட்டம் சேர்த்தேன். மாதத்துக்கு ஒரு முறை எந்த அளவு என்று குறிப்பேன். ஜனவரியில் நான்கு. பிப்ரவரியில் நான்கு. மார்ச்சிலும் நான்கு.

ஏப்ரலில் ஐந்து. சூளகிரி பக்கம் பாலம் வேலை நடந்ததால் பஸ் குலுங்கியது, அதனால் என்று நினைத்தேன். மே மாதம் ஆறு. ஜூனிலும் ஆறு, வெளிச்சம் மட்டும் கூட்டியிருந்தேன். ஜூலையில் ஏழு.

ஏழு வந்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. கருவியின் மேல்தான். திரை மங்கிக்கொண்டு வருகிறது என்று முடிவு செய்தேன். இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறவர்களுக்கு ஒரு பொருள் பழுது என்று தோன்றிவிட்டால் விட முடியாது. விற்பனை செய்த இடத்துக்குப் புகார் எழுதினேன். ஜனவரியிலிருந்து ஜூலை வரை, மாத வாரியாக, எழுத்தளவும் வெளிச்சமும் கட்டம் போட்டு அனுப்பினேன். இப்படி ஒரு புகாரை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள் போல. மறுகேள்வி கேட்காமல், பழையதை வாங்கிக்கொண்டு புதியதை அனுப்பிவிட்டார்கள்.

ஆகஸ்டில் புதியது வந்தது. இந்த முறை ஸ்டிக்கரை உரிக்கவில்லை. நான்காவது அளவில் வைத்துத் திறந்தேன். எழுத்து எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது. ஐந்து, ஆறு, ஏழு என்று ஏற்றி எட்டில் வந்து நின்றேன். டைரியில் என்ன எழுதினேன் தெரியுமா? "இதிலும் அதே குறை. ஒரே லாட்டில் தயாரானதாக இருக்கும்."

அந்த மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை, பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, பேனருக்கு எழுதுற மாதிரி வெச்சிருக்க. ஒரு பக்கத்துக்கு ஏழு வரிதான் கீது. நீ படிக்கறதுக்குள்ள, எழுத்துக் கூட்டிப் படிக்கற எனக்கே படிச்சு முடிஞ்சுருது."

"திரை மங்கல். ரெண்டாவதும் அப்படித்தான் வந்திருக்கு."

"எங்க மங்கல்? பளிச்சுனுதான கீது." இட்லியை வாயில் போட்டுக்கொண்டு, ஈரமில்லாத கையால் கருவியை வாங்கினாள். எங்கே அழுத்த வேண்டும் என்று என்னைக் கேட்டு, எழுத்தைச் சின்னதாக்கினாள். ஏழு, ஆறு, ஐந்து. மூன்றுக்குப் போய் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள். அவள் படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. பஸ் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

கருவியைத் திரும்ப வாங்கினேன். எனக்குத் தெரிந்தது சாம்பல் நிறத்தில் வரிவரியாக ஒரு கோலம்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கேஜ் என்று நாங்கள் சொல்லும் அளவுக் கருவி ஒன்று தப்பாகக் காட்டுகிறது என்று சந்தேகம் வந்தால், அதே பொருளை வேறு கேஜில் அளக்க வேண்டும். அதிலும் அப்படியே வந்தால், வேறு ஆளை விட்டு அளக்கச் சொல்ல வேண்டும். ஆள் மாறியதும் அளவு மாறினால், கேஜில் குறை இல்லை, அளந்தவரிடம் குறை. இருபது வருடமாக இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். கேஜை மாற்றியாகிவிட்டது. இப்போது ஆளையும் மாற்றியாகிவிட்டது.

இடது கண்ணை மூடினேன். முன் சீட்டின் முதுகு, பால் ஊற்றிய கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல இருந்தது. வலது கண்ணை மூடினேன். பரவாயில்லை, ஆனால் அதிலும் ஓரத்தில் மூட்டம். ஜன்னல் பக்கம் திரும்பினேன். எதிரே வந்த லாரியின் விளக்கு, பகலிலேயே, பூ மாதிரி விரிந்தது.

"என்னாக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. இன்னிக்கு சாப்பாட்டு நேரத்துல எனக்கு ஒரு உதவி பண்ணணும்" என்றேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்துச் சோதிக்கும் எங்களுக்கு வருடா வருடம் ஏப்ரலில் கண் பரிசோதனை நடக்கும். அந்த ஏப்ரலிலும் நடந்தது. நான் பாஸ். கடைசி வரி வரைக்கும் தயங்காமல் படித்தேன். அது எப்படி என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். பத்தலப்பள்ளி தாண்டும்போது விளங்கியது. கிட்டத்தில் படிக்கச் சொல்லிக் காட்டுவது எப்போதும் அதே லேமினேஷன் செய்த அட்டை. இருபது வருடமாக அதே வரிகள். எனக்கு அது மனப்பாடம். நான் ஏமாற்றவில்லை, சத்தியமாகப் படிக்கிறோம் என்றுதான் நினைத்துப் படித்தேன். ஆனால் படித்தது கண் அல்ல.

காலையில் பயிற்சி வகுப்பு ஒன்று இருந்ததால் பத்தரை வரை எனக்கு பெஞ்ச் வேலை இல்லை. பிறகு தேநீர். பிறகு பழைய பதிவேடுகளை அடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டு மணி அடித்ததும் பக்கத்து சீட்டுப் பெண் என் பெஞ்சுக்கு வந்தாள்.

எங்களிடம் சிவப்புப் பெட்டி ஒன்று உண்டு. மாதிரிக்காக வைத்திருக்கும் விரிசல் விட்ட பீஸ்கள் அதில் இருக்கும். அதிலிருந்து மூன்றை எடுத்து, நல்ல பீஸ் ஏழோடு கலந்து, எனக்கு முன்னால் வரிசையாக வைக்கச் சொன்னேன். விளக்கைப் போட்டேன். மூன்றையும் ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டேன்.

"நல்லாத்தான கீது கண்ணு" என்று அவள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றின் அடியில் ஒரு பழைய கீறல் உண்டு. இன்னொன்றில் போல்ட் மாட்டும் காது லேசாக மழுங்கியிருக்கும். மூன்றாவது கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது. பெட்டியில் இருப்பதெல்லாம் எனக்குப் பழகிய முகம். இதுவும் அட்டை கதைதான்.

"அடுத்த பெஞ்சுல இன்னிக்கு ஒதுக்கினது கீழ டப்பாவுல இருக்கும். அதுலேர்ந்து மூணு எடுத்துனு வா. நான் பாக்கக் கூடாது."

அடுத்த பெஞ்சில் இருப்பவளுக்கு இளம் கண். அவள் ஒதுக்கினால் அதில் விரிசல் இருக்கும். பத்து பீஸை மறுபடி அடுக்கினாள். இந்த முறை நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டேன். நகத்தால் தடவினேன். விளக்கைத் தள்ளி வைத்தேன், கிட்டே வைத்தேன். கிட்டே வைக்க வைக்க அலுமினியத்தின் பளபளப்பில் கண் கூசியது. இரண்டை எடுத்து வைத்தேன்.

நான் எடுத்த இரண்டில் ஒன்று நல்ல பீஸ். வரிசையில் நான் விட்டுவிட்ட இரண்டில் விரிசல் இருந்தது. அதில் ஒன்றை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். கோடு போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். அவள் பேக்கிங்கில் இருப்பவள், அவளுக்கு இந்த வேலையே தெரியாது.

விரிசல் விட்ட மூன்றையும் எடுத்து டப்பாவில் போட்டாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"இப்ப இன்னா பண்ணப் போற?"

"மேனேஜர்கிட்ட சொல்லணும்."

"கொஞ்சம் இரு. ரெண்டு நாள் லீவு போடு. கண்ண ஆப்பரேஷன் பண்ணிக்க. நல்லாயிட்டு வந்து ஒக்காந்துக்க. யாருக்குத் தெரியும்? இப்பப் போயி சொன்னின்னா பெஞ்ச விட்டுத் தூக்கிருவாங்க. தூக்குனா திருப்பிக் குடுக்க மாட்டாங்க. போன வருஷம் முதுகு வலின்னு சொன்னாங்களே அந்தக்கா, இப்ப எங்க கீறாங்க?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அந்த அம்மாவை முதலில் கோடவுனுக்கு மாற்றினார்கள். நான்கு மாதத்தில் அவரே நின்றுவிட்டார். என் மகனுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. எனக்கு ஓய்வுக்கு ஒன்பது வருடம் இருந்தது. இரண்டு நாள் லீவு கேட்டால் யாரும் ஏன் என்றுகூடக் கேட்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு மைக்ரோமீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தால் என்ன செய்வோம்? அதை மட்டும் எடுத்து ரிப்பேருக்கு அனுப்பிவிட்டு இருந்துவிட மாட்டோம். கடைசியாக அது சரியாக இருந்தது எந்த நாள் என்று பார்ப்போம். அந்த நாளுக்குப் பிறகு அதால் அளந்த ஒவ்வொரு பீஸும் சந்தேகத்துக்குரியதுதான். எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். என் கண்ணுக்கு அந்தக் கடைசி நாள் எது என்று எனக்குத் தெரியும். டைரியின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். மார்ச் வரை நான்கு.

சாப்பாடு முடிந்த மணி அடித்தது. அவள் பேக்கிங்குக்கு ஓடினாள். எனக்கு முன்னால் நாற்பது பீஸ் உள்ள தட்டை வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த பகுதியை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அன்றைய டைரியில் அது இருக்கிறது. நான் அந்தத் தட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டே இருபது நிமிடம் வேலை செய்தேன். ஒவ்வொரு பீஸையும் இரண்டு மடங்கு நேரம் பார்த்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் உண்டு. பார்த்து முடித்த பீஸில் அந்த நிற மையால் ஒரு புள்ளி வைப்போம். என்னுடையது பச்சை. பதினொரு பீஸுக்குப் பச்சைப் புள்ளி வைத்தேன். பன்னிரண்டாவதைக் கையில் எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, அதில் ஏதோ இருப்பது போலவும் இல்லாதது போலவும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அதைக் கீழே வைத்தேன். பதினொன்றையும் எடுத்துத் தனியாக வைத்து, "பார்க்கவில்லை" என்று சீட்டு எழுதினேன். பையிலிருந்த டைரியை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

மேனேஜர் சேலத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது சிறியவர். நான் சொன்னதை நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பி எதையோ தேடினார்.

"ஏப்ரல்ல கண் டெஸ்ட் பாஸ்னு போட்டிருக்குதே மேடம்."

"அந்த அட்டை எனக்கு மனப்பாடம் சார்."

அவர் மேஜையில் இருந்த ஒரு மருந்துப் பட்டையை என்னிடம் நீட்டினார். அவருடைய தலைவலி மாத்திரை. பின்னால் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னார். நான் கிட்டே கொண்டுபோனேன், தள்ளிப் பிடித்தேன். எழுத்து இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

"சரி. எப்பத்திலிருந்துன்னு வெச்சுக்கலாம்?"

டைரியின் கட்டத்தைத் திறந்து காட்டினேன். விரலை வைத்து மேலிருந்து கீழே போனார். நான்கு, நான்கு, நான்கு, ஐந்து, ஆறு, ஆறு, ஏழு, எட்டு.

"இது என்ன அளவு?"

"பஸ்ல படிக்கற புஸ்தகத்தோட எழுத்து சார்."

அவர் முகத்தில் சிரிப்பு வருவது போல வந்து நின்றுவிட்டது. டைரியை மூடி என்னிடம் கொடுத்தார். "நீங்க வாயத் திறக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். கொஞ்சம் கழித்து, "அதை நினைச்சாத்தான் பயமா இருக்குது" என்றார்.

அன்று மாலையே என்னை பெஞ்சிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் முதல் போன பச்சைப் புள்ளி பீஸ்களில் எங்கள் ஸ்டோர்ஸில் இருந்ததையும், வாங்கும் கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருந்ததையும் தனியாகப் பிரித்தார்கள். வண்டியில் ஏற்கெனவே ஏறிவிட்டவையெல்லாம், ஏறும் முன் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்தவைதான். அந்தச் சோதனைப் பதிவுகள் அத்தனையையும் மறுபடி எடுத்துச் சரிபார்த்தார்கள். இரண்டு பேர் பதினொரு நாள் இதே வேலையாக உட்கார்ந்தார்கள். அந்த நாட்களில் கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வரவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. என்ன பேசுவது என்று தெரியவில்லை போல. பக்கத்து சீட்டுப் பெண் மட்டும் தினமும் தட்டைத் தூக்கிக்கொண்டு பேக்கிங்கிலிருந்து வந்து உட்கார்ந்தாள். "நான் சொன்னதக் கேட்டிருந்தா இந்நேரம் நிம்மதியா சாப்பிட்டிருப்ப" என்று சொல்லிக்கொண்டே அப்பளத்தை என் தட்டில் வைப்பாள்.

கணவர் கிருஷ்ணகிரியில் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார். கண்புரை. வலது கண்ணில் வில்லையின் பின்பக்கமாக வளர்ந்திருக்கிறது, இந்த வகை சில மாதங்களிலேயே கூடிவிடும், படிப்பதையும் வெளிச்சத்தில் பார்ப்பதையும்தான் முதலில் கெடுக்கும் என்று டாக்டர் சொன்னார். எப்போதிலிருந்து என்று கேட்டார். டைரியைக் காட்டினேன். அவர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். நோயாளிகள் வழக்கமாக "கொஞ்ச நாளா" என்றுதான் சொல்வார்களாம்.

புரட்டாசியில் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டு பிரித்த மறுநாள், சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் கழித்து, கருவியை எடுத்தேன். டாக்டர் படிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நான் படிக்கவில்லை, பார்த்தேன். இத்தனை மாதம் பழுப்பென்று நினைத்த திரை, சலவை செய்த வேட்டி மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, மாற்றி மாற்றிப் பார்த்தேன். இடது கண்ணில் திரை பழுப்பு, வலது கண்ணில் வெள்ளை. நான் புகார் எழுதித் திருப்பி அனுப்பிய அந்த முதல் கருவியை நினைத்துக்கொண்டேன். நல்ல பொருளை ரிஜெக்ட் செய்திருக்கிறேன். புகாரைக் கவனித்தவர்களுக்கு, தவறு என்னுடையது என்று ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

இடது கண்ணும் முடிந்து, மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். என் பெஞ்சில் வேறொரு பெண் இருந்தாள். எனக்கு கேஜ் அறையில் வேலை கொடுத்தார்கள். அளக்கும் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. பெஞ்ச் கிடைக்காதது முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது கண் பரிசோதனைக்கு அட்டை வருடா வருடம் மாறுகிறது. முந்தின வருட அட்டையை வாங்கிக் கிழித்துப் போடுவது என் பொறுப்பு.

திரும்பிய முதல் வாரத்தில் மேனேஜர் என்னை அழைத்தார். மேஜையில் ஒரு துணியை விரித்து நான்கு பீஸ்களை வைத்திருந்தார். பதினொரு நாள் தேடலில் கிடைத்தது அந்த நான்குதான். இரண்டு எங்கள் ஸ்டோர்ஸில், இரண்டு வாங்கும் கம்பெனியின் ஸ்டோர்ஸில். எதுவும் வண்டியில் ஏறவில்லை.

"பாக்கறீங்களா மேடம்? வேண்டாம்னா வேண்டாம்."

நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். விளக்குகூடத் தேவைப்படவில்லை. கறுப்பாக, மெல்லியதாக, யாரோ பேனாவால் கிழித்தது போல நான்கிலும் கோடு இருந்தது. ஒன்றில் அந்தக் கோட்டுக்கும் என் பச்சைப் புள்ளிக்கும் நடுவே ஒரு விரல் அகலம்கூட இல்லை. புள்ளி வைத்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்ததே அந்த இடத்தைத்தான்.

இன்றும் யாரிடமாவது "நான் பார்த்துட்டேன், சரியாத்தான் இருக்கு" என்று சொல்ல வாயெடுக்கும்போது, அந்த ஒரு விரல் இடைவெளி நினைவுக்கு வருகிறது. போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன்.